மிக்கேல் ஒன்றும் சொல்ல மாட்டார்

சங்குமாதா தெரு முழுவதற்கும் ஒரே பிரஷர் வந்த சங்கதியைத் தெருக்காரர்களிடம் கேட்டால் ஆளுக்கு ஒரு விதமாகத்தான் சொல்வார்கள், கடல் எத்தனை பாகம் ஆழம் என்று கேட்டாலே நாலு பேர் நாலு கணக்குச் சொல்லுகிற தெரு அது. ஆனால் எல்லாரும் ஒத்துக்கொள்கிற விசயம் ஒன்று உண்டு, அது மிக்கேல் வீட்டு நாற்காலியில்தான் ஆரம்பித்தது.

அந்த நாற்காலியைப் பற்றி முதலில் சொல்லிவிட வேண்டும். கை வைத்த, முதுகு சாய்கிற தேக்கு நாற்காலி. மற்ற வீடுகளில் எல்லாம் பிளாஸ்டிக் ஸ்டூலும் நார்க்கட்டிலும்தான். கல்யாணமான புதிதில் ஒரு பழைய சாமான் கடையில் பார்த்து, ஆசைப்பட்டு, தலையில் வைத்துச் சுமந்துகொண்டு வந்தார் மிக்கேல். ஆசைப்பட்டு வாங்கினாரே தவிர, அவர் அதில் உட்கார்ந்ததைப் பார்த்தவர்கள் குறைவு. அவருடைய மச்சான் தொம்மை, அதாவது பெண்சாதி பிலோமியின் அண்ணன், காலையில் பேப்பர் படிக்க வந்தால் அதில் உட்காருவார், மத்தியானம் மீன்குழம்பு வாசனைக்கு வந்தால் அதில் உட்காருவார், சாயங்காலம் காரணமே இல்லாமல் வந்தாலும் அதிலேதான் உட்காருவார். மிக்கேல் சுவரில் சாய்ந்து நிற்பார்.

மிக்கேல் என்று பேர் வைத்தபோது பெற்றவர்கள் என்ன நினைத்து வைத்தார்களோ. கோயில் பீடத்தில் நிற்கிற மிக்கேல் சம்மனசுக்கு, அதாவது வானதூதருக்கு, கையில் வாள், காலடியில் பிசாசு, கண்ணில் கனல். நம்முடைய மிக்கேலுக்கு ஐஸ் கம்பெனியில் வேலை. பாளம் பாளமாக ஐஸை உடைத்து மீன்பிடி வள்ளங்களுக்கு ஏற்றிவிடுவார். அந்தக் குளிர் ரத்தத்திலேயே ஊறிவிட்டது என்பார்கள். அவர் குரல் உயர்ந்து கேட்டவர்கள் தெருவில் இல்லை. அதனால் 'அவரு ஒண்ணும் சொல்ல மாட்டாரு' என்பது அந்தத் தெருவில் ஜெபமாலை மந்திரம் மாதிரி உருண்டுகொண்டே இருக்கும். ஏணி வேணுமா, மிக்கேல் வீட்டில் எடுத்துக்கோ, அவரு ஒண்ணும் சொல்ல மாட்டாரு. வலை காயப்போட இடமில்லையா, மிக்கேல் வீட்டு மொட்டை மாடியில் போடு, அவரு ஒண்ணும் சொல்ல மாட்டாரு. திருவிழாவுக்கு ஒலிபெருக்கி கட்ட வேண்டுமா, மிக்கேல் வீட்டு சன்னலில் கட்டு, அவர் தலைமாட்டுக்கு நேராகவே கட்டு, அவரு ஒண்ணும் சொல்ல மாட்டாரு. இதையெல்லாம் கேட்கிறபோது மிக்கேலுக்கு நெஞ்சுக்கு நடுவில் ஏதோ கனமாக இறங்கி உட்காரும். எல்லாருக்கும் அப்படித்தான் இருக்கும்போல என்று நினைத்துக்கொண்டு அவர் வேலையைப் பார்ப்பார்.

அவருடைய ஒரே மகள் ஜெசி தலைப்பிரசவத்துக்குத் தாய் வீட்டுக்கு வந்தாள். மாப்பிள்ளைக்குக் கப்பலில் வேலை, எந்தக் கடலில் இருக்கிறார் என்பது அவருக்கே சில நாள் தெரியாது. தூத்துக்குடியில் காட்டுகிற டாக்டரம்மா ஜெசியின் கையில் பட்டையைச் சுற்றிப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். பிரஷர் கூடுதலாக இருக்கிறது, மாத்திரை தருகிறேன், வீட்டிலேயே ஒரு மெசின் வாங்கிக் காலையும் மாலையும் பாருங்கள், மேல் அளவு நூற்று அறுபதைத் தொட்டால் ஒரு நிமிசம் தாமதிக்காமல் கொண்டுவந்துவிடுங்கள், பிள்ளையைக் குறைமாதத்திலேயே எடுக்க வேண்டிவரும், பிள்ளையோ சின்னதாக இருக்கிறது, இன்னும் சில வாரமாவது உள்ளே இருந்தால்தான் நல்லது என்றார். பிலோமி அங்கேயே அழுதாள். மிக்கேல் ஒன்றும் சொல்லவில்லை. மெசினை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு, டாக்டரம்மா சொன்னதை எல்லாம் பஸ்ஸில் மனசுக்குள் திருப்பித் திருப்பிச் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தார். காபி குடித்த உடனே பார்க்கக் கூடாது. ஒண்ணுக்குப் போய்விட்டு வர வேண்டும். முதுகு சாய்ந்திருக்க வேண்டும். கால் மேல் கால் போடக் கூடாது, ரெண்டு பாதமும் தரையில் பதிய வேண்டும். கை நெஞ்சு உயரத்துக்கு இருக்க வேண்டும். ஐந்து நிமிசம் சும்மா இருக்க வேண்டும். பேசக் கூடாது.

கடைசி ரெண்டை டாக்டரம்மா சொன்னபோதே பிலோமி, "இது நம்ம வீட்டுல நடக்கிற காரியமா?" என்றாள். நியாயமான கேள்விதான்.

முதல் நாள் சாயங்காலம் ஜெசியை நாற்காலியில் உட்கார வைத்துப் பார்த்தார் மிக்கேல். நூற்று நாற்பத்தெட்டுக்குத் தொண்ணூற்றிரண்டு. சரி, மெசின் எப்படி என்று தெரிய வேண்டாமா என்று பிலோமி உட்கார்ந்தாள். நூற்று நாற்பத்தெட்டுக்குத் தொண்ணூற்றிரண்டு. தொம்மை உட்கார்ந்தார், அதே. மிக்கேல் தன் கையில் கட்டிக்கொண்டார், அதே. எதிர்வீட்டு இஞ்ஞாசி, மீன் ஏலம் கூறுகிறவர், சத்தம் கேட்டு வந்து கையை நீட்டினார், அதே. மெசின் கெட்டுப்போச்சு என்று முடிவு கட்டி, ரிட்டயர்டு நர்ஸ் கித்தேரியக்காவைக் கூட்டிவந்தார்கள். அவள் தன்னுடைய பழைய பாதரச டப்பாவைத் திறந்து, காதில் குழாயை மாட்டி, ஒவ்வொருவராகப் பார்த்து, பிறகு சந்தேகம் தாளாமல் தன் வீட்டு ஆட்டைப் பிடித்துவந்து தொடையில் கட்டிப் பார்த்தாள்.

"ஆட்டுக்கும் அதேதாம்டே" என்றாள்.

மறுநாள் முழுவதும் தெரு வரிசையில் நின்றது. பால் குடிக்கிற பிள்ளைக்கும் அதே, படுத்த படுக்கையாய்க் கிடக்கிற கிழவருக்கும் அதே, பங்குச் சாமியாருக்கும் அதே. பக்கத்துத் தெருவில் போய்ப் பார்த்தால் அவரவருக்கு அவரவர் பிரஷர், ஊர் உலகம் எப்படியோ அப்படி. முந்தின ராத்திரி சங்குமாதா தெருவில் படுத்து எழுந்தவர்களுக்கு மட்டும் ஒரே பிரஷர். விருந்தாடியாக வந்து ஒரு ராத்திரி தங்கியவர்களுக்கும் விடிந்தால் அது ஒட்டிக்கொண்டது. டாக்டரம்மாவிடம் சொன்னதற்கு அவர் பிலோமியின் கையிலும் பார்த்துவிட்டு, கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு, "குடும்பத்துல இருக்கும்மா" என்றார். தெருவும் அதோடு அதை ஏற்றுக்கொண்டது. கிணறு பொது, கொடிமரம் பொது, பிரஷரும் பொது, இதில் என்ன இருக்கிறது.

பீடாக்கடைக்காரர் மகள், பூசையில் முழங்கால் போட்டாலே மயங்கி விழுகிற நரங்கல் பிள்ளை, இப்போது பூசை முழுக்க முழங்காலில் நின்று பக்கத்தில் உள்ளவர்களை முறைத்தது. அவள் அம்மா மாதாவுக்கு மெழுகுதிரி ஏற்றினாள். மற்றவர்கள் லேசாகத் தலை கனக்கிறது என்று சொல்லிக்கொண்டார்கள். காலையில் மிக்கேல் அளந்து சொல்லுவார், இஞ்ஞாசி நடுத்தெருவில் நின்று மீன் விலை கூறுகிற அதே ராகத்தில், "நூத்தி நாப்பத்தாறேய்! நூத்தி நாப்பத்தாறேய்!" என்று கூவுவார். சில பேர் பழக்கதோசத்தில் பேரம் பேசுவார்கள்.

அப்படிப் போய்க்கொண்டிருந்தபோது டாக்டரம்மா ஒரு ராத்திரி ஜெசியை ஆஸ்பத்திரியில் தங்கவைத்துப் பார்த்தார். விடிந்ததும் அளந்தால் நூற்று எழுபத்திரண்டு. பிலோமிக்கு உயிரே போய்விட்டது. ஆபரேசனுக்கு ஆள் கூப்பிடப் போனார்கள். ஜெசி, "என்னைய வீட்டுக்குக் கொண்டுபோங்க, எனக்கு நம்ம தெருவுல படுக்கணும்" என்று அழுது, கையெழுத்துப் போட்டுக் கூட்டிவந்து, கித்தேரியக்கா பக்கத்திலேயே காவல் இருந்து, மறுநாள் காலையில் பார்த்தால் நூற்று நாற்பத்தொன்பது.

கித்தேரியக்காவுக்குத்தான் முதலில் விளங்கியது. வாசலில் கூடி நின்றவர்களிடம் வந்து சொன்னாள். "பிள்ளைக்குச் சொந்தப் பிரஷர் நூத்தி எழுவதுக்கு மேல. அதத்தான் தெரு பங்கு போட்டுச் சுமக்குது. வள்ளத்த மணல்ல தள்ளும்போது ஆளுக்கொரு தோள் குடுக்கோம்லா, அதே கததான். நம்ம தோளு இறங்குனா அவளுக்கும் இறங்கும். ஏறுனா அவளுக்கும் ஏறும். இனி உங்க இஷ்டம்."

 அன்றைக்கு மத்தியானம் தெருவில் ஒரு வீட்டிலும் கருவாடு வறுபடவில்லை. அந்தத் தெருவைத் தெரிந்தவர்களுக்கு இது எப்பேர்ப்பட்ட காரியம் என்று புரியும். உப்பிலே பிறந்து, உப்பிலே காய்ந்து, கஞ்சிக்கு உப்பு போதாவிட்டால் கடற்கரைக்குத் தட்டைத் தூக்கிக்கொண்டு போகிற சனம் அது. ஊறுகாய்ப் பரணிகள் கோயில் அறையில் பூட்டப்பட்டன. இஞ்ஞாசி ஏலத்தைக் காதோடு காதாகக் கூறினார், அதனால் வஞ்சிரமும் மலிவுச் சாளையும் ஒரே விலைக்குப் போயின. பங்குச் சாமியார் நரகத்தைப் பற்றிப் பிரசங்கம் வைப்பதை விட்டு மோட்சத்தைப் பற்றிப் பேசினார், அதில் அவருக்கு அவ்வளவாகப் பழக்கம் இல்லாததால் பூசை சீக்கிரம் முடிந்தது. பக்கத்து ஊர்க்காரர்களோடு நடந்த பந்தாட்டத்தில் நம் பையன்கள் கோல் போட்டபோது தெருவே கண்ணை மூடிக்கொண்டு மெதுவாக மூச்சு விட்டது. சண்டைகள்? சண்டைகளை யாரும் விட்டுவிடவில்லை, அந்த அளவுக்குப் போகக் கூடாது அல்லவா, பேறு முடிகிறவரை ஒத்திவைத்தார்கள். "ஜெசிக்குப் பிள்ள பொறக்கட்டும், பொறவு உனக்கு இருக்குடி" என்று குழாயடியில் சிரித்த முகத்தோடு சொல்லிவிட்டு, "சரி மதினி, அப்ப பார்ப்போம்" என்று சிரித்த முகத்தோடு பதிலும் வாங்கிக்கொண்டு போனார்கள்.

இத்தனை செய்தும் பிரஷர் இறங்கவில்லை. ஒரு வாரம் கொஞ்சம் இறங்குகிற மாதிரி போக்குக் காட்டிவிட்டு மறுபடி ஏறியது. ஐம்பது. ஐம்பத்திரண்டு. ஐம்பத்தைந்து. இஞ்ஞாசிக்குக் கூவத் தொண்டை வரவில்லை. ஜெசி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டாள். யார் வீட்டிலோ ரகசியமாய்க் கருவாடு தின்கிறார்கள் என்று ஒருவரை ஒருவர் சந்தேகித்து, அடுப்படிப் பக்கமாய் மூக்கை உறிஞ்சிக்கொண்டு நடந்தார்கள். முக்கால்வாசிப் பேருடைய சந்தேகம் பிலோமி மேல். காக்கையையே அதன் அப்பன் பாட்டன் பேர் சொல்லித் திட்டுகிறவள், அவளிடமிருந்துதான் ஏறுகிறது என்றார்கள்.

மிக்கேலோ முன்னைவிட அமைதியாக ஓடியாடிக்கொண்டிருந்தார். தெரு ஒத்திவைத்ததெல்லாம் அவர் வீட்டில்தான் வந்து இறங்கியது. வீட்டில் சண்டை போட முடியாத புருசன்மார் அவர் வாசலில் வந்து உட்கார்ந்து பெண்சாதிமாரைப் பற்றிப் புலம்பினார்கள். கருவாடு இல்லாமல் சோறு இறங்காதவர்கள் பிலோமியின் குழம்புக்கு வந்தார்கள், மிக்கேலுக்குச் சட்டியின் அடிதான் கிடைத்தது. பிரஷர் பார்க்க வந்தவர்கள் நாற்காலியில் உட்கார்ந்து, ஐந்து நிமிசம் சும்மா இருக்க வேண்டும் என்பதால் அப்படியே கண்ணயர்ந்தார்கள். காலையில் ஐஸ் உடைத்துவிட்டு வந்து நின்றுகொண்டே கஞ்சி குடித்துவிட்டு, பட்டையைக் கட்டிக் கட்டி அவிழ்ப்பார் மிக்கேல். நெஞ்சுக்கு நடுவில் இருந்த கனம் இப்போது தொண்டைவரை வந்திருந்தது.

அந்தச் சமயத்தில் வேம்பாரில் ஒரு ஐஸ் கம்பெனியில் ஆள் இல்லை என்று அவரை அனுப்ப, ஒரு ராத்திரி அங்கேயே தங்கும்படி ஆயிற்று. காலையில் பிலோமி தானே ஜெசிக்கு அளந்தாள். நூற்று இருபத்தாறு. நம்பாமல் ரெண்டாவது தடவை பார்த்தாள். நூற்று இருபத்து நாலு. இஞ்ஞாசி நடுத்தெருவில் துள்ளிக்கொண்டு கூவினார், தெரு ரகசியமாய் ஒரு துண்டு மாங்காய் ஊறுகாய் தின்று கொண்டாடியது. மிக்கேல் திரும்பி வந்து, சுவரில் சாய்ந்து நின்று, ராத்திரி தன் பாயில் படுத்து எழுந்த மறுநாள், நூற்று ஐம்பத்தாறு.

ஊறுகாய்தான் என்று எல்லாரும் மருகினார்கள். கித்தேரியக்கா மட்டும் மிக்கேலையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, பிலோமியின் காதில் ஏதோ சொன்னாள். பிலோமி, "போங்கக்கா, அவுகளா? அவுகளுக்குள்ள என்ன இருக்கு?" என்றாள். இருந்தாலும் சோதித்துப் பார்த்துவிடுவோம் என்று, ஜெசி பிள்ளை பெற்றதும் மருந்து கிண்டக் கருப்பட்டி வேண்டும் என்று சாக்குச் சொல்லி அவரை உடன்குடிக்கு அனுப்பி, தன் சித்தி மகன் வீட்டில் ராத்திரி தங்கவைத்தாள். உடன்குடியில் அந்தச் சித்தி மகன் புது மெசின் ஒன்று வைத்திருந்தான், விடிந்ததும் பெருமைக்கு மிக்கேலின் கையில் கட்டிப் பார்த்தான். மெசின் உம் என்று இரைந்து, இரைந்து, பட்டை கையை இறுக்கு இறுக்கென்று இறுக்கி, கடைசியில் நம்பரே காட்டாமல் எரர் என்று காட்டியது. அவன் பேட்டரியைத் திட்டிக்கொண்டே கழற்றினான். மிக்கேல் ஒன்றும் சொல்லவில்லை. சங்குமாதா தெருவில் அன்றைக்குக் காலை நூற்று இருபத்தைந்து.

இப்போது தெருவுக்கே தெரிந்துவிட்டது, ஆனால் எப்படி நம்புவது? திட்டித் தீர்க்கிற பிலோமியின் ரத்தம் ஓடைத் தண்ணீராக ஓடிக்கொண்டிருக்க, தங்கமான மனுசன் என்று பேரெடுத்த மிக்கேலுக்குள்தான் இத்தனையும் கிடக்கிறது என்றால்? ஒரு சாயங்காலம் பெரியவர்கள் அவர் வீட்டிலேயே கூடினார்கள். ஜெசி கட்டிலில் தலையணையில் சாய்ந்து, கையை மெத்தை மேல் வைத்து உட்கார்ந்திருந்தாள், வயிறு பெருத்ததில் இருந்து நாற்காலி அவளுக்கு இறுக்கம். கித்தேரியக்கா அவளுக்குச் சாயங்கால அளவு எடுக்கப் பட்டையைக் கட்டிக்கொண்டிருந்தாள். நாற்காலியில் தொம்மை. வாசல்படியில் இஞ்ஞாசி. மிக்கேல் எல்லாருக்கும் டீ ஊற்றிக் கொடுத்துக்கொண்டிருந்தார்.

"மாப்ளைய மண்டபம் ஊர்ல நம்ம ஆளு ஐஸ் கம்பெனி வச்சிருக்கான்லா, அங்க அனுப்பிருவோம்" என்றார் தொம்மை, மிக்கேலைக் கையால் காட்டி. "பிள்ள பொறந்து, தலைக்குத் தண்ணி ஊத்தி, ஞானஸ்நானமும் முடிச்சிட்டு வரச் சொல்லுவோம். அதுவரைக்கும் அங்கயே இருக்கட்டும்."

"அதான் நல்லது" என்றார் இஞ்ஞாசி.

"ஆஸ்பத்திரிக்கும் வர வேண்டாம்னு சொல்லுதேன். எதுக்கு வீண் வம்பு?"

மிக்கேல் கையில் கெட்டிலோடு நின்றுகொண்டிருந்தார். ஆஸ்பத்திரிக்கும் வர வேண்டாம். பிள்ளையை முதலில் யார் கையில் கொடுப்பார்கள் என்று அவர் ஐஸ் உடைக்கும்போதெல்லாம் நினைத்துப் பார்த்திருந்தார். கடப்பாறை பிடித்த கை, காய்ப்பு இருக்கும், துண்டை நாலாக மடித்து மேலே போட்டுக்கொண்டு வாங்க வேண்டும் என்றுகூட நினைத்திருந்தார். அதை யாரிடமும் சொல்லவில்லை.

"அவுக போவாகளா?" என்று கித்தேரியக்கா தயங்கினாள்.

"போவாக போவாக" என்றாள் பிலோமி. "அவுக ஒண்ணும் சொல்ல மாட்டாக."

அப்போது கட்டிலில் இருந்த ஜெசி, "அப்பாட்ட யாராச்சும் கேட்டியளா?" என்றாள். எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். "இங்கதான நிக்காக. அப்பாட்ட ஒரு வார்த்த கேட்டியளா?"

தொம்மை சிரித்தார். "மாப்ளைட்ட என்னத்தக் கேக்க?"

மிக்கேல் கெட்டிலைக் கீழே வைத்தார்.

"மச்சான், எந்திரிங்க" என்றார். "அது என் நாற்காலி."

தொம்மை, பேசியது யார் என்று பின்னால் திரும்பிப் பார்த்தார். பின்னால் சுவர்தான் இருந்தது.

"ஒங்களத்தான் சொல்லுதேன். எந்திரிங்கன்னேன்! அது என் நாற்காலி, என் சம்பளத்துல வாங்குனது, தலையில வச்சி வேகாத வெயில்ல நடந்து கொண்டுவந்தது, நான் அதுல உக்காந்து ஒரு கிளாசு டீ குடிச்சதில்ல!"

கித்தேரியக்கா பொத்தானை அமுக்கிவிட்டிருந்தாள், மெசின் உம் என்று இரைந்துகொண்டிருந்தது. ஜெசி பேசக் கூடாது என்பதால் உதட்டைக் கடித்துக்கொண்டு கண் விரிய அப்பாவைப் பார்த்தாள். தொம்மை எழுந்துவிட்டார். ஆனால் வெளியே வரத் தொடங்கியது நிற்கவில்லை. மிக்கேல் இஞ்ஞாசியைப் பார்த்துத் திரும்பி, ஏல இஞ்ஞாசி, என் ஏணி எங்கல, போன பெரிய வியாழனுக்கு வாங்கிட்டுப் போனது எங்கல என்று கேட்டார், மொட்டை மாடி வலையின் நாற்றத்தைப் பற்றிக் கேட்டார், என் தலைமாட்டுல ஒலிபெருக்கி கட்டி விடிய விடிய பாட்டுப் போட்டா நான் என்ன கல்லா, எனக்குக் காது இல்லையா என்று கேட்டார், மீன் தலை எனக்குப் பிடிக்கும்னு இந்த வீட்டுல யாருக்காவது தெரியுமா, கல்யாணமான நாள்ல இருந்து தலைய அண்ணனுக்கு வச்சிட்டு எனக்கு வால வைக்காளே, நான் என்ன வாலாட்டுத நாயாட்டி, எனக்கு வாலு பிடிக்காதுட்டி என்று பிலோமியைப் பார்த்துக் கத்தினார், சன்னல் கதவு அதிர்ந்தது, வாசலில் தெருவே வந்து கூடிவிட்டது.

"நாப்பத்தெட்டு" என்றாள் கித்தேரியக்கா. ஒரு நிமிசம் விட்டு மறுபடி பொத்தானை அமுக்கினாள். "நாப்பத்தொண்ணு. இறங்குது. விடாதிய, இறங்குது!"

இஞ்ஞாசிக்கு வாங்கிக் கட்டிக்கொண்ட வருத்தம் இருந்தாலும் தொழில் தொழில்தானே. வாசல்படியில் ஏறி நின்று கூவத் தொடங்கினார். "நாப்பத்தொண்ணேய்! நாப்பத்தொண்ணு! கீழ கேக்கலாமா, அண்ணே, இன்னும் கீழ கேக்கலாமா?"

தெருவுக்குப் புரிந்துவிட்டது. "அண்ணே, என்னையும் திட்டுங்கண்ணே, நான்தான் உங்க சைக்கிள் பெல்லக் கழட்டுனேன்" என்று ஒருவர் வந்தார். "எண்ணே, நம்ம வீட்டுத் தண்ணிய உங்க வாசல் வழியாத்தான் விடுதேன்" என்று ஒருத்தி வந்தாள். மிக்கேல் வந்தவர்களை எல்லாம் திட்டினார். திட்டிப் பழக்கம் இல்லாததால் கெட்ட வார்த்தை ஒன்றும் வாயில் வரவில்லை, "மூதி, சவத்து மூதி" என்பதையே பல ராகத்தில் சொன்னார். முப்பத்தைந்து. முப்பத்தொன்று. அங்கே நின்றுவிட்டது. கித்தேரியக்கா மறுபடி மறுபடி பார்த்தாள், முப்பத்தொன்றிலேயே நின்றது.

"இன்னும் ஒண்ணு உள்ள கெடக்கு" என்றாள்.

மிக்கேல் மூச்சு வாங்க நின்றார். வியர்த்து ஊற்றியது. பிறகு பிலோமியைப் பார்த்தார், குரல் இறங்கிவிட்டது.

"எம் மகளுக்குக் கோயில்ல தாலி கட்டும்போது நான் எங்க இருந்தேன்?"

பிலோமி கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு ஜெசியைப் பார்த்தாள்.

"ஐசு பத்தாதுன்னு சொல்லி அனுப்புனிய. அவரு ஒண்ணும் சொல்ல மாட்டாருன்னு ஒங்க அண்ணன் சொன்னாக, நீயும் சரின்ன. கலருத் தண்ணிக்கு ஐசு. நான் வண்டியில ஐசு ஏத்திக்கிட்டு வரேன், கோயில் மணி அடிக்கிது. நான் வந்து சேரும்போது போட்டோ எடுத்துக்கிட்டு இருந்தாவ. வேட்டியெல்லாம் நனைஞ்சிருக்குன்னு என்னைய ஓரமா நிக்க வச்சாவ. எனக்கு ஒரே பிள்ளதான பிலோமி. நான் அன்னைக்கு அந்த ஐசு வண்டிக்குப் பின்னால நின்னு அழுதேன். இப்பப் பேரப்பிள்ள பொறக்கும்போதும் மண்டபத்துல ஐசு உடைக்கச் சொல்லுதிய. நான் போக மாட்டேன். எனக்கு இங்க இருக்கணும். எனக்கு ஆசையா இருக்கு."

 இஞ்ஞாசிகூடக் கூவ மறந்து நின்றார். ஜெசி கையில் பட்டையோடேயே சத்தமில்லாமல் அழுதாள். பிலோமி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு, "இத ஏங்க இத்தன நாளா சொல்லல?" என்றாள்.

"நீ கேக்கல" என்றார் மிக்கேல்.

மெசின் இரைந்து ஓய்ந்தது. நூற்றுப் பதினெட்டுக்கு எழுபத்தாறு. தொம்மை நாற்காலியைத் தன் துண்டால் ஒரு தட்டுத் தட்டித் துடைத்து மிக்கேலுக்கு முன்னால் நகர்த்தி வைத்தார். மிக்கேல் உட்கார்ந்தார், முதுகு சாய்ந்தார், ரெண்டு பாதமும் தரையில் பதிந்தது. பிலோமி டீ கொண்டுவந்து கொடுத்து, பக்கத்திலேயே நின்று, "சீனி போதுமா?" என்று கேட்டாள். புதுக் கேள்வி அது. மிக்கேல் ஒரு வாய் குடித்துப் பார்த்து, "போதாது" என்றார்.

அதற்குப் பிறகு தெருவில் ஒரு ஏற்பாடு வந்தது. விடிந்ததும் ரெண்டு பேர் முறை வைத்து வந்து மிக்கேலிடம் திட்டு வாங்கிக்கொண்டு போனார்கள். சொல்ல ஒன்றும் இல்லாத நாட்களில் அவர் தொம்மையைக் கூப்பிட்டுச் சும்மா ஒரு சத்தம் போடுவார், தொம்மையும் தங்கச்சி மகளுக்காகப் பொறுத்துக்கொள்வார். ஏணி திரும்பி வந்தது, ரெண்டு படி இல்லை, அதற்கும் ஒரு நாள் சத்தம் போட்டார். மீன் தலை அவர் தட்டுக்கு வந்தது. ஜெசி மாத்திரையைத் தவறாமல் போட்டுக்கொண்டாள், காலையும் மாலையும் பட்டையைக் கட்டிக்கொண்டாள், டாக்டரம்மா அவள் வயிற்றைத் தடவிப் பார்த்து, இனிமேல் பயமில்லை, மாதம் நிறையட்டும் என்றார்.

மாதம் நிறைந்தது. ஒரு மத்தியான வேளையில் வலி எடுத்து, வண்டி பிடித்து, ஆஸ்பத்திரி வராந்தாவில் பாதித் தெரு வந்து நின்றது. நேரம் போய்க்கொண்டே இருந்தது. தொம்மை தாங்க முடியாமல், "மாப்ள, அப்படியே கீழ போயி எல்லாருக்கும் டீ..." என்று பழக்கதோசத்தில் ஆரம்பித்து, மிக்கேலின் முகத்தைப் பார்த்ததும், "நானே போறேன்" என்று எழுந்தார். போகிற வழியில் நின்று, "சீனி கூடத்தான?" என்று கேட்டுக்கொண்டும் போனார்.

அவர் டீ வாங்கிக்கொண்டிருந்த நேரத்தில்தான் கதவு திறந்தது. நர்ஸ் ஒரு துணிப் பொதியோடு வந்து, "பெண் குழந்தை. யார் வாங்கிக்கிறீங்க?" என்றாள். பிலோமியின் கை தன்னால் நீண்டது. நீண்ட கையை அவள் மடக்கிக்கொண்டாள். மிக்கேலின் முதுகில் கையை வைத்து முன்னால் தள்ளினாள்.

மிக்கேல் துண்டை நாலாக மடித்து, காய்ப்புப் பிடித்த கைகளின் மேல் போட்டுக்கொண்டு வாங்கினார். அதேநேரம் சங்குமாதா தெருவில் மெசினை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவர்கள் ஒருத்தருக்கு நூற்றுப் பத்து, ஒருத்தருக்கு நூற்று முப்பத்தெட்டு, பீடாக்கடைக்காரர் மகளுக்குத் தொண்ணூறு என்று அவரவர் பிரஷர் அவரவருக்குத் திரும்பியதைப் பார்த்து, நல்லதுதான் என்று சொல்லிக்கொண்டு, கொஞ்ச நேரம் ஒருவரை ஒருவர் பார்க்காமல் உட்கார்ந்திருந்தார்களாம். ஆடு எங்கோ மேயப் போயிருந்ததால் அதை மட்டும் பார்க்க முடியவில்லை.

ஆஸ்பத்திரி வராந்தாவில் பிள்ளை மிக்கேலின் கையில் வாயைக் கோணி, முகம் சிவந்து, வீரிட்டுக் கத்தத் தொடங்கியது. அங்கங்கே கதவு திறந்து எட்டிப் பார்த்தார்கள். நர்ஸ் உஷ் என்றாள். பிலோமி ஓடிவந்து, "அமத்துங்க, அமத்துங்க, தட்டிக் குடுங்க" என்றாள்.

"சும்மா இருட்டி" என்றார் மிக்கேல். கண்ணீர் மீசையில் இறங்கிக்கொண்டிருந்தது. பிள்ளையின் முகத்துக்குப் பக்கத்தில் குனிந்து சொன்னார். "கத்து தாயி. நல்லாக் கத்து. ஒண்ணையும் உள்ள வச்சிக்காத."